இளம் கடற்காகங்களின் துணையினங்களைப் பிரித்தறிவது எப்படி?

குளிர்காலத்தில் தனுஷ்கோடியிலோ கோடியக்கரையிலோ மன்னாரிலோ கடற்காகக் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். கூட்டத்தில் பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காகங்களாக இருக்கும். அவற்றை இனங்காண்பதில் சிரமமில்லை. ஆனால் நடுவே, அவற்றைவிட மிகப் பெரியதாக, ஏறத்தாழ 60 செ.மீ. நீளத்தில், பழுப்பும் வெள்ளையும் கலந்து உடலெங்கும் புள்ளியும் கோடுமாக ஒரு பறவை நிற்கும். அதன் படத்தைப் பார்க்கும் ஒருவர் ஹியூக்ளின் என்பார், மற்றவர் ஸ்டெப்பி என்பார், மூன்றாமவர் இரண்டுமில்லை, காஸ்பியன் என்பார். ஏன் என்று கேட்டால் மூவரும் பறவையின் வெளிறலையோ கருமையையோதான் காரணமாகக் காட்டுவார்கள்.

நிறத்தின் அடர்த்தியை மட்டும் வைத்து இளம் கடற்காகத்துக்குப் பெயர் சூட்டுவது ஏன் பெரும்பாலும் தவறாகிறது, அதற்கு முன்பாக எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்காக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பார்க்க வேண்டியது இறகின் வயது. அது தெரியாதவரை நிறத்துக்குப் பொருளே இல்லை.

யார் யார்?

ஹியூக்ளின், ஸ்டெப்பி இரண்டும் ஒரே இனத்தின் துணையினங்கள். அந்த இனமே சிறிய கருமுதுகுக் கடற்காகம், அறிவியல் பெயரால் லாரஸ் ஃபஸ்கஸ், 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட பறவை. ஐஸ்லாந்து முதல் சைபீரியா வரை பரந்து இனப்பெருக்கம் செய்யும் இதற்குப் பல துணையினங்கள் உண்டு. ஓர் இனத்துக்குள்ளேயே, குறிப்பிட்ட நிலப்பகுதியில் இனப்பெருக்கம் செய்துகொண்டு, மற்ற பகுதிப் பறவைகளிலிருந்து சராசரியில் வேறுபட்டுத் தெரியும் தொகுதியே துணையினம். இந்த வரையறையில் ‘சராசரி’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கே திரும்பி வருவோம்.

மேற்கு ஐரோப்பாவில் கிரேல்சி என்ற துணையினமும், அதற்குக் கிழக்கே டென்மார்க், தெற்கு நார்வே பகுதிகளில் இன்டர்மீடியஸும் வாழ்கின்றன. பால்டிக் கடலைச் சுற்றியும் ஃபின்லாந்திலும் வாழ்வது, இனப்பெயரையே துணையினப் பெயராகவும் கொண்ட ஃபஸ்கஸ்; இதைப் பால்டிக் கடற்காகம் என்பதும் உண்டு. ரஷ்யாவின் வட துருவக் கரையோரத் தூந்திர நிலத்தில் இனப்பெருக்கம் செய்வது ஹியூக்ளினி. ஜெர்மானியப் பறவையியலாளரும் பயணியுமான தியோடர் ஃபான் ஹியூக்ளினின் பெயரைத் தாங்கிய இத்துணையினம் 1876-இல் விவரிக்கப்பட்டது. அதற்குத் தெற்கே, தென்மேற்கு சைபீரியாவிலும் வட கஜகஸ்தானிலும் உள்ள புல்வெளி ஏரிகளில் வாழ்வது பராபென்சிஸ், அதாவது ஸ்டெப்பிக் கடற்காகம். இந்தியாவின் மேற்குக் கடற்கரையிலும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் இலங்கையின் வடமேற்கிலும் குளிர்காலத்தில் நம் கவனத்துக்கு வருபவை பின்னிரண்டும்தாம். காஸ்பியன் கடற்காகம் துணையினம் அல்ல. அது தனி இனம். ஆனால் இளம் பருவத்தில் ஸ்டெப்பியோடு குழப்பிக்கொள்ள வைப்பதால் இந்தப் பேச்சில் அதற்கும் இடம் உண்டு.

முதிர்ந்த பறவைகளிடம் வேலை ஓரளவு எளிது. ஃபஸ்கஸின் முதுகு ஏறத்தாழக் கறுப்பு. ஹியூக்ளினியின் முதுகு அடர்ந்த சிலேட்டுச் சாம்பல். பராபென்சிஸ் அதைவிட ஒரு படி வெளிர். காஸ்பியன் இன்னும் வெளிர். அருகருகே நின்றால் வேறுபாடு தெரியும். இளம் பறவைக்கு இந்தச் சாம்பல் முதுகே இல்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நான்கு ஆண்டுப் பருவம்

பழுப்புத்தலைக் கடற்காகம் போன்ற சிறியவை இரண்டாண்டில் முதிர்ந்த தோற்றத்தை அடைந்துவிடுகின்றன. பெரிய கடற்காகங்களுக்கு (பெயரில் ‘சிறிய’ என்றிருந்தாலும் சிறிய கருமுதுகுக் கடற்காகமும் இதில் சேரும்) அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு பிடிக்கும். முட்டையிலிருந்து வந்த ஆண்டின் குளிர்காலத்தை முதல் குளிர்காலம் என்றும், அடுத்ததை இரண்டாம் குளிர்காலம் என்றும் எண்ணிக்கொண்டு போகிறோம். முதல் குளிர்காலப் பறவை மொத்தத்தில் பழுப்பு. இரண்டாம் குளிர்காலத்தில் முதுகில் சாம்பல் நிற இறகுகள் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். மூன்றாவதில் சாம்பல் முதுகு பெரும்பாலும் நிறைந்துவிடும், இறக்கையிலும் வாலிலும் மட்டும் பழுப்பின் மிச்சம் தங்கும். நான்காவதில் முதிர்ந்த தோற்றம் வந்துவிடும். அலகு முதலில் கறுப்பாக இருந்து, அடிப்பகுதியில் வெளிறி, கடைசியில் சிவப்புப் புள்ளியுடன் மஞ்சளாகும். கால் மங்கிய இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போகும்.

இது எல்லாப் பறவைக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இரண்டாம் குளிர்காலத்திலும் சாம்பல் இறகு ஒன்றும் காட்டாத பின்தங்கிய பறவைகள் உண்டு. அவற்றை முதல் குளிர்காலப் பறவை என்று எண்ணிவிட்டால், அதன்பின் செய்யும் ஒப்பீடு எதுவும் நிற்காது.

இறகு ஏன் நிறம் மாறுகிறது?

கீற்றுக் கூரையை நினைத்துப் பாருங்கள். புதிதாக வேய்ந்த ஆண்டில் கூரை முழுக்க ஒரே நிறம். அடுத்த ஆண்டு, ஒழுகும் பக்கத்தை மட்டும் பிரித்துப் புதுக்கீற்று வைத்தால் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி வெயிலில் வெளுத்து, நுனி நைந்தும் தெரியும். இரண்டும் ஒரே தோப்பின் ஓலைதான். வேறுபடுவது வேய்ந்த காலம். இதைப் பார்த்துக் கூரையின் எந்தப் பகுதி எப்போது மாற்றப்பட்டது என்று சொல்லலாம். தென்னை எந்த ரகம் என்று சொல்ல முடியாது.

பறவையின் இறகும் முளைத்து முடிந்தபின் உயிரற்ற பொருளே. அதற்குள் புதிய நிறமி சேராது. அதன்பின் அதற்கு நேர்வது இரண்டுதான்: வெயிலில் வெளுப்பதும் உராய்ந்து தேய்வதும். கருநிறத்தைத் தரும் மெலனின் என்ற நிறமி இறகுக்கு உறுதியையும் தருகிறது. மெலனின் இல்லாத வெள்ளை விளிம்புகள் முதலில் தேய்ந்து உதிர்கின்றன. இளம் கடற்காகத்தின் இறக்கை மூடிறகுகள், அதாவது பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியை ஓடு அடுக்கியதுபோல் மூடியிருக்கும் சிற்றிறகுகள், ஆகஸ்டில் அடர்பழுப்பாகவும் ஓரத்தில் தெளிவான வெளிர்க்கோட்டுடனும் இருக்கும். பிப்ரவரியில் அதே இறகைப் பார்த்தால் ஓரக்கோடு காணாமற் போயிருக்கும். பழுப்பு காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். தனுஷ்கோடியின் வெண்மணலில், உப்புக் காற்றில், நாள் முழுதும் வெயிலில் நிற்கும் பறவைக்கு இது இன்னும் விரைவாகவே நடக்கும்.

ஆகவே மார்ச் மாதத்தில் வெளிறிக் காணப்படும் பறவை இயல்பிலேயே வெளிர் நிறத் துணையினமாக இருக்க வேண்டியதில்லை. வெளுத்துப்போன ஹியூக்ளினியாகவும் இருக்கலாம். என் பார்வையில் நம் கடற்கரைகளில் நடக்கும் தவறான இனங்காணல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கேமராவின் ஒளியளவும், நண்பகல் வெயிலும், மணல் எதிரொளிக்கும் வெளிச்சமும் அதைப் பெருக்கிக் காட்டுகின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெரிய கடற்காகம் முதிர ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆகும், அந்தக் காலத்தில் அதன் உடலில் வெவ்வேறு வயதுள்ள இறகுகள் ஒருங்கே இருக்கும், பழைய இறகின் நிறம் அதன் வயதையே முதலில் சொல்கிறது.

இறகுதிர்ப்பு என்னும் நாட்காட்டி

தேய்ந்த இறகை உதிர்த்துப் புதியது வளர்ப்பதே இறகுதிர்ப்பு. இளம் கடற்காகம் கூட்டை விட்டு வெளிவரும்போது அதன் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்ந்தவை. ஆகவே சீராக இருக்கும். அந்த முதல் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அது பகுதி இறகுதிர்ப்பு ஒன்றை நடத்தும்: தலை, மார்பு, முதுகு, தோளிறகுகள் புதிதாகும், இறக்கையும் வாலும் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். தோளிறகுகள் என்பவை முதுகும் இறக்கையும் சேரும் இடத்தில், மடித்த இறக்கையின் மேல் சரிந்து கிடக்கும் வரிசைகள். பிறகு, அடுத்த வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை முழு இறகுதிர்ப்பு நடக்கும். அதில் பறக்கும் இறகுகளும் மாறும்.

பறக்கும் இறகுகளில் இறக்கையின் நுனியை அமைப்பவை முதன்மை இறகுகள். வெளியே தெரிபவை பத்து; உட்புறத்ததை முதலாவது என்றும் நுனியில் உள்ளதைப் பத்தாவது என்றும் எண்ணுவர். உதிர்ப்பு முதலாவதில் தொடங்கி ஒழுங்காக வெளிநோக்கிச் செல்லும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உதிர்த்தால் பறக்க முடியாது. ஆதலால் பெரிய கடற்காகத்துக்கு இவ்வேலை முடிய ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஒரு படத்தில் முதல் நான்கு இறகுகள் கருமையாகவும் புதியதாகவும், ஐந்தாவது இடம் வெறுமையாகவும், மற்றவை பழுப்பேறித் தேய்ந்தும் இருந்தால் அப்பறவை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஏறத்தாழத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இந்த நாட்காட்டி துணையினத்துக்குத் துணையினம் மாறுவதால்தான் இளம் பறவையைப் பிரிக்க ஒரு வழி பிறக்கிறது. மாறுவதற்குக் காரணம் புவியியல். தெற்கே, ஸ்டெப்பிப் புல்வெளியில், ஏரிகளின் பனி முன்னதாகவே உருகிவிடும். அங்கே முட்டையிடலும் முன்னதாக நடக்கும். வடதுருவத் தூந்திரத்தில் பனி ஜூனில்தான் விலகும். அங்கே குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்போது கோடை முடியும் தறுவாயில் இருக்கும். எனவே நவம்பரில் ஒரே மணல் திட்டில் நிற்கும் இரண்டு இளம் பறவைகளில் பராபென்சிஸின் இறகு பல வாரம் மூத்தது. அது முன்னதாகவே வெளுக்கும். முன்னதாகவே தோளிறகுகளை மாற்றத் தொடங்கும். முதிர்ந்த பறவைகளிலும் இவ்வொழுங்கு தெரிகிறது: காஸ்பியன் இலையுதிர் காலத்திலேயே முதன்மை இறகுகளை மாற்றி முடித்துவிடும்; பராபென்சிஸ் சற்றுப் பின்னர் முடிக்கும்; ஹியூக்ளினி ஜனவரி, பிப்ரவரியிலும் கடைசி இறகுகளை வளர்த்துக்கொண்டிருக்கும்.

பயணத் தொலைவும் இதில் தலையிடுகிறது. இறகு வளர்க்கப் புரதமும் ஆற்றலும் வேண்டும். நெடும்பயணத்துக்கு முழுமையான இறக்கை வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம் என்பதால், தொலைதூரம் செல்லும் பறவைகள் உதிர்ப்பைத் தள்ளிப்போட்டுக் குளிர்கால இடத்தை அடைந்தபின் செய்கின்றன. இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு பால்டிக்கின் ஃபஸ்கஸ். அது கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி வரை செல்லும் பறவை. ஃபின்லாந்தில் குஞ்சாக இருக்கும்போதே காலில் அடையாள வளையமிடப்பட்ட பறவைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், அவற்றில் பல ஆப்பிரிக்காவிலேயே முதல் குளிர்காலத்தில் முதன்மை இறகுகளைக்கூட மாற்றிவிட்டு, மறு ஆண்டு வசந்தத்தில் புத்தம்புதிய இறக்கையோடு திரும்புவது தெரியவந்தது. மேற்கு ஐரோப்பாவின் கிரேல்சி அந்த வயதில், அந்த மாதத்தில், இன்னும் கூட்டில் முளைத்த முதன்மை இறகுகளோடுதான் இருக்கும். முதுகின் நிறத்தைப் பார்க்காமலேயே இரண்டையும் பிரிக்க இது நல்ல தடயம்.

ஆனால் இந்தத் தடயத்தை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவர முடியாது. ஹியூக்ளினியும் நெடும்பயணி, அதன் இளம் பறவைகளிலும் முதன்மை இறகுகளை முன்னதாக மாற்றத் தொடங்குபவை உண்டு. ஒரு பண்பு இரண்டு துணையினங்களைப் பிரிக்கிறது என்றால், அந்த இரண்டை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது பிரிக்கிறது என்றே பொருள். கையேட்டில் எழுதியிருக்கும் வேறுபாட்டை எடுத்துக்கொள்ளும்போது, அது எந்த இரண்டுக்கு நடுவே சொல்லப்பட்டது என்று கேட்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒரு முதல் குளிர்காலப் பறவை, கிட்டத்தில்

ஜனவரி நடுவில் எடுத்த ஒரு படத்தில் பறவை பக்கவாட்டில் நிற்கிறது என்று கொள்வோம். முதல் வேலை வயது. மடித்த இறக்கையின் நுனியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கூட்டில் முளைத்த முதன்மை இறகுகளின் முனை சற்றுக் கூர்மையாக இருக்கும். அதற்குப் பின் வளர்ந்தவற்றின் முனை வட்டமாக இருக்கும். கூர்முனையும், கறுப்பு அலகும், கரிய நிறக் கண்ணும் சேர்ந்து வந்தால் முதல் குளிர்காலம் என்று கொள்ளலாம்.

அடுத்து தோளிறகுகள். அங்கே இரண்டு தலைமுறை கலந்திருக்கும். பழையவை நடுவில் ஒரே பழுப்பாகவும் ஓரம் தேய்ந்தும் கிடக்கும்; புதியவை சாம்பல் கலந்த அடிநிறத்தில் நங்கூர வடிவிலோ குறுக்குப் பட்டையாகவோ கருங்குறியுடன் தெரியும். எத்தனை பங்கு மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ முழுதும் மாறி, புதிய இறகுகளே சற்றுத் தேயத் தொடங்கியிருந்தால் முன்னதாகப் பிறந்த தெற்கத்திப் பறவையின் பக்கம் எண்ணம் சாயும். பாதிதான் மாறியிருந்தால் வடக்கத்திப் பறவையின் பக்கம்.

பிறகு பெரிய மூடிறகுகள். மூடிறகுகளில் கடைசி வரிசை. சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் துணையினங்களில் இவ்வரிசையின் அடிப்பகுதி கருமையாக இருக்கும். பறக்கும்போது, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள கரும்பட்டைக்கு முன்னால் இரண்டாவது கரும்பட்டையாக இது தெரியும். உட்புற முதன்மை இறகுகளும் கருமையாகவே இருக்கும். காஸ்பியனில் அவ்விடம் சற்று வெளிறி மங்கிய சன்னல்போல் தோன்றும். காஸ்பியனின் இறக்கையின் அடிப்புறம் வெண்மை. ஹியூக்ளினியில் அது பழுப்புக் கலந்தது. பராபென்சிஸ் இவற்றின் நடுவில் நிற்கிறது. தலை விரைவில் வெண்மையாகி, பின்கழுத்தில் மட்டும் கோடுகள் எஞ்சுவதால் பலமுறை காஸ்பியனை நினைவூட்டும்.

கடைசியில்தான் மொத்த நிறம். அதற்கு முன் பார்த்த யாவும் ஒரே பக்கம் காட்டினால் நிறம் துணைக்கு வரும். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நிறம் தீர்ப்புச் சொல்லாது.

சுருக்கமாக: முதலில் வயது, அடுத்து உதிர்ப்பு எவ்வளவு முன்னேறியிருக்கிறது, அதைப் படம் எடுத்த தேதியோடு ஒப்பிடுதல், பிறகு இறக்கையின் அமைப்பு, எல்லாவற்றுக்கும் பின்னர் நிறம்.

இரண்டாம் குளிர்காலத்தில் கிடைக்கும் உதவி

இரண்டாம் குளிர்காலத்தில் முதுகில் முளைக்கும் ஒவ்வொரு சாம்பல் இறகும் முதிர்ந்த முதுகின் நிறத்தை ஏறத்தாழ அப்படியே காட்டும். புதிதாக முளைத்த இறகு என்பதால் வெயிலின் குறுக்கீடும் குறைவு. பக்கத்தில் முதிர்ந்த பறவை ஒன்று அதே கோணத்தில் நின்றால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். வாய்ப்பிருந்தால் முதல் குளிர்காலப் பறவையை விட்டுவிட்டு இரண்டாம் குளிர்காலப் பறவையில் பழகத் தொடங்குவதே புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து.

எங்கே நிறுத்திக்கொள்வது?

துணையினம் என்பது சராசரியில் வேறுபடும் தொகுதி என்று தொடக்கத்தில் சொன்னோம். இரண்டு தொகுதிகளின் சராசரி வேறாக இருந்தாலும் ஓரத்தில் நிற்கும் பறவைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஹியூக்ளினிகளிலேயே வெளிர் பறவையும் பராபென்சிஸ்களிலேயே கரும் பறவையும் இருக்கும். எல்லைகள் தொடும் இடங்களில் கலப்பும் உண்டு. தைமீர் தீபகற்பப் பகுதியில் வாழும் தைமிரென்சிஸைத் தனித் துணையினம் என்று கொள்வதா, ஹியூக்ளினியும் அதற்குக் கிழக்கே உள்ள வேகா கடற்காகமும் கலந்த தொகுதி என்று கொள்வதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

வகைப்பாடும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இக்கடற்காகங்கள் வட துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் படிப்படியாக மாறி, வளையத்தின் இரு முனைகள் ஐரோப்பாவில் சந்திக்கும்போது இரண்டு இனங்களாக நிற்கின்றன என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2004-இல் லீபர்ஸ், டி நைஃப், ஹெல்பிக் ஆகியோர் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஆராய்ந்து அந்த வளையக் கதை பொருந்தவில்லை என்று காட்டினர். ஹியூக்ளினியைத் தனி இனமாக எழுதிய பழைய கையேடுகளையும், துணையினமாக எழுதும் இன்றைய பட்டியல்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. பறவை அதேதான், பெட்டி மட்டும் மாறியிருக்கிறது.

ஐரோப்பாவில் அனுபவம் மிக்கவர்கள்கூட, தம் பகுதிக்கு வழிதவறி வரும் ஃபஸ்கஸை ஏற்பதற்குக் கால்வளையத்தையே பெரிதும் நம்புகிறார்கள். நம் கடற்கரையில் வளையமிட்ட கடற்காகம் கண்ணில் படுவது அரிது. ஆகவே தெளிவில்லாத இளம் பறவையை ‘சிறிய கருமுதுகுக் கடற்காகம்’ என்ற இனப்பெயரோடு நிறுத்திக்கொள்வதும், காஸ்பியனா என்ற ஐயமும் தீராவிட்டால் ‘பெரிய கடற்காகம், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதும் முறையான பதிவே. இ-பேர்ட் போன்ற இணையப் பறவைப் பதிவேடுகளில் துணையினம் குறிக்காமல் பொதுநிலையில் பதியவும் இடமிருக்கிறது.

பதிவோடு சேர்க்க வேண்டியவை தேதி, நிற்கும் நிலையில் ஒரு படம், இறக்கையை முழுதும் விரித்த நிலையில் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும் படங்கள், வால் விரிந்த படம். கடற்காகம் கரையில் இறங்கும் கணத்திலும், நின்றவாக்கில் இறக்கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும்போதும் பத்து முதன்மை இறகுகளும் ஒன்றொன்றாக எண்ணத்தக்கவாறு விரியும். மடித்த இறக்கையோடு அழகாக நிற்கும் படத்தைவிட, சற்றே மங்கலாக இருந்தாலும் அந்தப் படம் கூடுதலாகப் பயன்படும். அதே பறவை சில மாதங்கள் அங்கேயே தங்கினால், டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்று இடைவெளி விட்டு மீண்டும் எடுத்த படங்கள் உதிர்ப்பின் வேகத்தையே காட்டிவிடும்.